அமுதசுரபியின் பின்கட்டு: சீன பஃபே உணவகம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

போன வருஷம் ஒரு மாசம் அக்கா வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தேன். அக்கா இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன ஜோலி என்று கேட்காதீர்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருந்தது, டிக்கெட் அத்தான் எடுத்தார். அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் பயணக் கட்டுரை எழுதி யாரையும் படுத்தக் கூடாது என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எழுதித்தான் அதை விழுங்க வேண்டும் போலிருக்கிறது.

"வா மாப்ளே, இன்னைக்கு உனக்கு ஒரு அதிசயம் காட்டுதேன்" என்று அத்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகக் கடைகள். சலவைக்கடை, நகத்துக்குச் சாயம் பூசும் கடை, வருமானவரிக் கணக்கு எழுதித் தரும் ஆபீஸ், கடைசியில் சீன பஃபே உணவகம். வாசலில் சிவப்பு விளக்கு, கல்லாவுக்குப் பக்கத்தில் தொந்தி வயிற்றுச் சிரிக்கும் புத்தர். ஆளுக்கு 18 டாலர் கட்டிவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், எத்தனை தட்டு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கேள்வி கிடையாது.

உள்ளே நீளநீளமான மேஜைகள். கீழே வெந்நீர், அதன் ஆவியில் சூடாக இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள், மேலே எச்சில் தெறிக்காமலிருக்கக் கண்ணாடித் தடுப்பு. சர்க்கரைப் பாகில் புரட்டிய கோழி, நூடுல்ஸ், வறுத்த சோறு, பிரக்கோலி போட்ட மாட்டிறைச்சி, இறால். அதோடு பீட்சா, வறுத்த உருளைக்கிழங்கு, சிவப்பு ஜெல்லி, ஐஸ்கிரீம். சும்மா சொல்லக் கூடாது, முதல் தட்டு ருசியாகத்தான் இருந்தது. மூன்றாவது தட்டில் எல்லாம் ஒரே இனிப்பாகத் தெரிந்தது.

சுற்றிலும் பார்த்தேன். தேவாலயத்திலிருந்து நேராக வந்த ஒரு கறுப்பினக் குடும்பம், தொப்பி வைத்த பாட்டியம்மாவோடு. சுண்ணாம்புக் கறை படிந்த உடுப்போடு ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்த நாலு கட்டடத் தொழிலாளிகள். தள்ளாத வயதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. நாங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே கரண்டியால் அள்ளினோம். சமபந்தி என்று நம் ஊரில் எத்தனை தலைமுறை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது! இங்கே ஒரு சீனாக்காரர் 18 டாலர் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடத்திவிட்டாரே என்று தோன்றியது. பாத்திரங்களும் காலியாகவே இல்லை. பாதி குறைந்ததும் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து பழையதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்துவிட்டுப் போனாள். தமிழ் படித்தவனுக்கு வேறென்ன ஞாபகம் வரும்? அமுதசுரபி.

மணிமேகலையில் ஒரு சௌகரியம் உண்டு. அமுதசுரபிக்குப் பின்கட்டு கிடையாது. யார் அரிசி களைந்தது, யார் அடுப்பு ஊதியது, யார் பாத்திரம் விளக்கியது என்கிற கேள்விகள் எழுவதற்கே இடமில்லை. நியூ ஜெர்சி அமுதசுரபிக்குப் பின்கட்டு இருந்தது. மூன்று மணிக்கு அது வெளியே வந்தது.

கூட்டம் குறைந்திருந்தது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்து வட்டமேஜையில் வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரிய கிண்ணத்தில் வெறும் வெள்ளைச்சோறு. ஆவியில் வெந்த முழு மீன். பூண்டு தட்டிப் போட்ட கீரை. தெளிவான ஒரு சாறு. கூடவே ஒரு வாசனை. சந்தேகமே வேண்டாம், கருவாடுதான். ஊரை விட்டு வந்து மூன்று வாரம் கழித்து அந்த வாசனை! பாத்திரம் நிரப்பிய பெண்ணிடம் என் ஓட்டை இங்கிலீஷில், அந்தச் சாப்பாடு எங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அது எங்க சாப்பாடு, உங்களுக்குப் பிடிக்காது என்று கையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் சாப்பிட்டதில் ஒன்றுகூட மேஜையில் இல்லை. மேஜையில் இருந்த ஒன்றையும் அவர்கள் தொடவில்லை.

அத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவனுகள்ல பாதிப் பேரு கள்ளத்தனமா வந்தவனுக மாப்ளே. நாமள்லாம் வரிசையில நின்னு வந்தவங்க."

முள் என்று சொன்னது இதைத்தான்.

2

ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் ஒயின் பற்றி ஒரு சின்னக் கட்டுரை உண்டு. பிரெஞ்சுத் தன்மையின் குறியீடாக ஒயின் எப்படியெல்லாம் கட்டமைக்கப்படுகிறது என்று விளக்கிக்கொண்டே போகிறவர், கடைசியில் அல்ஜீரியாவுக்கு வந்து நிற்கிறார். சொந்த நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம் மக்களின் மண்ணில், அவர்களுக்கு உதவாத திராட்சையைப் பயிரிட்டு எடுக்கப்படுவதும் இந்த ஒயின்தானே என்கிறார். உணவை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர், அந்தப் பிரதியின் அடியில் அபகரிக்கப்பட்ட நிலம் கிடப்பதையும் மறக்கவில்லை. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். குறிகளை வாசித்துவிட்டு இலையை மடித்துவிடுகிறோம்.

சீன பஃபேயை அப்படி வாசித்துவிட்டு எழுந்துவிட முடியாது. கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது 1848-இல். தென்சீனத்தின் குவாங்டங் மாகாணத்திலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். 1849-லேயே சான்பிரான்சிஸ்கோவில் சீன உணவகம் வந்துவிட்டது. நார்மன் அசிங் என்ற சீன வணிகர் அந்த ஆண்டுகளில் நடத்திய உணவகத்தில் ஒரு டாலருக்கு வயிறு நிறையுமட்டும் சாப்பிடலாம் என்று உணவு வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்பது ஏதோ நேற்றைய வியாபாரத் தந்திரம் இல்லை. இதே அசிங்தான், சீனர்கள் வரவே கூடாது என்று கலிஃபோர்னிய ஆளுநர் பிக்லர் பேசியபோது, 1852-இல் பத்திரிகை வழியாக அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர். சோறு போட்டவரே மனுவும் போட வேண்டியிருந்தது.

அதே 1852-இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் மீது மாதம் 3 டாலர் வரி விதிக்கப்பட்டது. நடைமுறையில் அது சீனர்கள் மேல்தான் விழுந்தது. 1854-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அதாவது வெள்ளையன் ஒருவன் சீனனைக் கொன்றால், பார்த்த சீனன் பார்க்காதவன் ஆகிறான். சட்டத்தின் கண்ணில் உடம்பு உண்டு, வாய் கிடையாது. உழைக்கும் உடம்பு, பேசாத வாய். பஃபே மேஜையில் பாத்திரத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் போகிற உருவத்தின் முதல் வரைபடம் இங்கே கிடைக்கிறது.

3

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டது சென்ட்ரல் பசிபிக் கம்பெனி. 1865 முதல் அது சீனர்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தது. உச்சத்தில் பத்தாயிரம் பேருக்கும் மேல். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை வெடிமருந்து வைத்துக் குடைந்தவர்கள் இவர்கள். வெள்ளைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சோறும் தங்குமிடமும் கம்பெனி கொடுத்தது. சீனத் தொழிலாளி தன் சோற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டார்கள். அரிசி, கருவாடு, உலர்ந்த சிப்பி, காய்கறி, கொதிக்க வைத்த தேநீர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்ததால் வயிற்றுப்போக்கு நோய்கள் இவர்களை அவ்வளவாக அண்டவில்லை என்பது பலரும் பதிவு செய்துள்ள செய்தி.

1867 ஜூன் மாதக் கடைசியில் மலையில் சுமார் மூவாயிரம் சீனத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். மாதச் சம்பளத்தை 40 டாலராக்கு, வேலை நேரத்தைக் குறை என்பவை கோரிக்கைகள். குடி இல்லை, கலவரம் இல்லை. கூடாரங்களில் அமைதியாக இருந்தார்கள். 'கீழை நாட்டவர் அடங்கிப் போகிறவர்கள்' என்று இன்றும் சொல்லித் திரிகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. கம்பெனி முதலாளிகளில் ஒருவரான சார்லஸ் க்ராக்கர் துப்பாக்கி எடுக்கவில்லை. உணவு போகும் வழியை அடைத்தார். மலை உச்சியில், கடையில்லாத காட்டில், அரிசி மூட்டை வராமல் நின்றது. ஒரு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் முடிந்தது.

1869 மே 10-இல் பாதை இணைந்தது. ரயில் ஓட ஆரம்பித்தது. போட்டவர்கள் வேலை இல்லாமல் நகரங்களுக்குத் திரும்பினார்கள்.

4

இனிமேல் வருவதுதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கசக்கும். சீனர்களை அடித்து விரட்டியது யார்? முதலாளிகள்தான் என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடிக்கப் போய்விடலாம் என்றால், முடியவில்லை. முதலாளிக்கு மலிவான கை தேவைப்பட்டது. விரட்டியதில் முன்னணியில் நின்றது தொழிலாளர் இயக்கம்.

1877-இல் கலிஃபோர்னியாவில் தொழிலாளர் கட்சி ஒன்று எழுந்தது. தலைவர் டெனிஸ் கியர்னி. நில ஏகபோகத்தையும் ரயில்வே முதலாளிகளையும் மேடைக்கு மேடை வெளுத்து வாங்கியவர். ஒவ்வொரு பேச்சையும் சீனர்கள் வெளியேறியே ஆக வேண்டும் என்கிற முழக்கத்தோடு முடித்தவர். அவரே அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்! 1882-இல் சீனர் விலக்குச் சட்டம் நிறைவேறியது. சீனக் கூலித் தொழிலாளர் பத்தாண்டுகளுக்கு உள்ளே வரத் தடை. இன்ன இனத்தவர் என்று பெயர் சொல்லி ஒரு தொழிலாளி வர்க்கத்தையே அமெரிக்கா தடுத்தது அதுதான் முதல்முறை. 1892-இல் அது நீட்டிக்கப்பட்டது, 1904-இல் காலவரையறையே இல்லாமல் ஆனது. இடையில் 1885 செப்டம்பர் 2-இல், வயோமிங் பகுதியின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளிகள் 28 சீனத் தொழிலாளிகளைக் கொன்றார்கள். சுரங்கத்தில் அக்கம்பக்கத்தில் வேலை பார்த்தவர்கள்.

இந்த வன்முறைக்குக் கருத்தியல் வேண்டுமல்லவா? அதை அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் எழுதிக் கொடுத்தது. அதன் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் பெயரில் வந்த பிரசுரம் 1902-இல் அமெரிக்க மேலவையின் ஆவணமாகவும் அச்சானது. அதன் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'இறைச்சிக்கு எதிராக அரிசி'. அமெரிக்க ஆண்மைக்கும் ஆசியக் கூலித்தனத்துக்கும் நடக்கும் போரில் எது பிழைக்கும் என்பது துணைத் தலைப்பு. வாதம் எளிமையானது. மாட்டிறைச்சியும் ரொட்டியும் தின்று குடும்பம் நடத்துகிற ஆண், அரிசி தின்று வாழ்கிறவனோடு போட்டியிட முடியாது. போட்டியிட்டால் இவன் மேலே வர மாட்டான், அவன் கீழே போவான்.

இதை நிதானமாக வாசிக்க வேண்டும். குறைந்த கூலி என்பது ஒரு பொருளாதார உறவு. கூலியைக் குறைத்தவன் முதலாளி. அந்த உறவை அப்படியே பெயர்த்தெடுத்து, குறைந்த கூலி வாங்குகிறவனின் குடலுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறது இந்தச் சொல்லாடல். அவன் வறியவனாக இருப்பதால் அரிசி தின்னவில்லை, அரிசி தின்கிறவனாக இருப்பதால் வறியவன் என்றாகிறது. வரலாறு சாராம்சமாகிவிட்டது.

நமக்கு இது புதுசா? அங்கே மாடு தின்கிறவன் ஆண்மகன், அரிசி தின்கிறவன் இழிந்தவன். இங்கே மாடு தின்கிறவன் சேரியில் இருக்க வேண்டியவன். தட்டில் இருப்பது தலைகீழ். தட்டைப் பார்த்து ஆளை எடை போடுகிற தராசு ஒன்றேதான்.

உணவகங்களையும் விட்டுவைக்கவில்லை. மோன்டானா மாநிலத்தின் ப்யூட் நகரில் 1896-97-இல் தொழிற்சங்கங்கள் சீன உணவகங்களையும் சலவைக்கடைகளையும் பகிஷ்கரிக்கச் சொல்லி வாசலில் ஆள் நிறுத்தின. சீனர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் அந்த மறியலுக்குத் தடை வாங்கினார்கள். தொழிற்சங்க மறியலுக்கு நீதிமன்றம் தடை போட்டதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட வேண்டிய கதிக்கு ஆளாகிறேன். வரலாறு சில சமயம் இப்படித்தான் நம்மைத் தெருவில் நிறுத்தும். 1905-இல் தோன்றிய உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் ஆசியர்களையும் கறுப்பர்களையும் சேர்த்துக்கொண்டது, விலக்குச் சட்டத்தை எதிர்த்தது. அப்படியும் ஒரு மரபு இருந்தது. அது தோற்றது.

5

சுரங்கத்திலிருந்து, ரயில்வேயிலிருந்து, தொழிற்சாலையிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு மிஞ்சியது இரண்டு: துணி வெளுப்பது, சமைப்பது. வெள்ளை ஆண்கள் பெண்பிள்ளை வேலை என்று ஒதுக்கிவைத்த வேலைகள். இன்றைக்குச் சீனர்களின் 'பாரம்பரியத் தொழில்' என்று பேசப்படுவது இப்படித்தான் பாரம்பரியமானது. ஒரு சாதிக்கு ஒரு தொழில் எப்படிப் பிறவிக்குணமாக ஒட்டவைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சமீபத்திய உதாரணம் கிடைக்காது. ஐம்பது அறுபது வருஷத்தில் நடந்து முடிந்த வேலை.

உணவகம் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டத்தின் ஓட்டை. விலக்குச் சட்டம் கூலித் தொழிலாளியைத் தடுத்தது, வணிகரைத் தடுக்கவில்லை. வணிகர் ஊருக்குப் போய்த் திரும்பலாம், மனைவி மக்களைக் கூட்டி வரலாம். 1915-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளரையும் வணிகராக ஏற்றது. ஹீதர் லீ என்ற வரலாற்றாய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று பலர் பணம் போட்டுக் கூட்டாக ஒரு உணவகம் திறப்பார்கள். கொஞ்ச காலம் ஒருவர் மேலாளர், அடுத்து இன்னொருவர். முறை வைத்து ஒவ்வொருவரும் 'வணிகர்' ஆகி ஊருக்குப் போய் வருவார்கள். சட்டத்தின் நிபந்தனையைக் கவனியுங்கள்: வணிகர் என்பவர் ஓராண்டுக் காலம் கையால் எந்தக் கூலி வேலையும் செய்திருக்கக் கூடாது. அதற்குச் சீனரல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். பாத்திரம் விளக்குவதைப் பக்கத்துக் கடை வெள்ளைக்காரர் பார்த்துவிட்டால் போச்சு. கையில் கரிபடாதவனே கௌரவமானவன் என்று நம் மனு சொன்னதை அவர்களுடைய குடிவரவு இலாகா இரட்டைப் பிரதியில் கையெழுத்து வாங்கி அமல்படுத்தியது.

இப்படிப் பெருகிய உணவகங்களில் விற்றது 'சாப் சூயி'. கறித் துண்டு, காய், முளைப்பயறு எல்லாம் போட்டுப் புரட்டிய ஒரு கலவை. பெயருக்கு அர்த்தமே பலதும் கலந்த துண்டு துணுக்குகள் என்பதுதான். 1896-இல் நியூயார்க் வந்த சீன ராஜதந்திரி லீ ஹுங் சாங்கின் சமையல்காரர் அதை உருவாக்கினார் என்று ஒரு கதை கட்டப்பட்டது. கதைதான், அதற்கு முன்பே அது விற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. கூலிக்காரன் சோற்றைத் தின்ன மாட்டார்கள், அரண்மனைச் சோறு என்றால் தின்பார்கள். மேஜைக்கு ஒரு சாப்பாடு, பின்கட்டுக்கு ஒரு சாப்பாடு என்கிற பிரிவு இங்கே உறுதிப்படுகிறது. அந்தப் பெண் 'உங்களுக்குப் பிடிக்காது' என்று சொன்ன வாக்கியத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது.

6

இரண்டாம் உலகப் போரில் சீனா நேசநாடு ஆகிவிட்ட சங்கடத்தில் 1943-இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 105 சீனர்கள் வரலாம் என்று தாராளம் காட்டினார்கள். நூற்றைந்து! கதவு உண்மையில் திறந்தது 1965-இன் குடிவரவுச் சட்டத்தால். அந்தச் சட்டமும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1960 பிப்ரவரி 1-இல் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான ஒரு கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள், எழுந்திருக்க மறுத்தார்கள். அந்தப் போராட்டங்களின் விளைச்சல் 1964-இன் குடியுரிமைகள் சட்டம். உணவகங்களில் இனப் பாகுபாடு சட்டவிரோதமானது. இனவாரியான குடிவரவு ஒதுக்கீட்டை மறு ஆண்டு ஒழிக்க முடிந்தது அந்த அலையால்தான். நான் பஃபேயில் பார்த்து வியந்த சமபந்திக்குப் பணம் கட்டியவர்கள் யார் என்று இப்போது தெரிகிறது. தொப்பி வைத்த அந்தப் பாட்டியம்மா சின்ன வயசில் எந்த ஊர் உணவகங்களின் வாசலில் நிறுத்தப்பட்டாரோ, நான் கேட்கவில்லை.

1972-இல் நிக்சன் பீகிங் போய்ச் சாப்பிட்டதைத் தொலைக்காட்சி காட்டியது. சீனச் சாப்பாட்டு மோகம் மறுபடி கிளம்பியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பஃபே சிறு நகரங்களுக்கெல்லாம் பரவியது. பஃபேயின் உற்பத்தி உறவை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மேஜைக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டாம், மொத்தமாகச் சமைத்தால் போதும். இங்கிலீஷ் பேசி ஆர்டர் எடுக்க ஆள் வேண்டாம். வாடிக்கையாளரே பரிமாறுபவர் ஆகிவிடுகிறார். மலிவான மாவும் சோறும் வரிசையின் முன்னால், இறால் பின்னால். லாபம் சிறுசு, ஆகவே பின்கட்டில் கூலி மிகமிக மலிவாக இருந்தாக வேண்டும். வாய் பேசாத உடம்புக்கு மறுபடி தேவை வந்துவிட்டது.

அந்த உடம்புகள் இந்தத் தடவை ஃபூஜியான் மாகாணத்திலிருந்து, ஃபூஜோ நகரின் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தன. ஆள் கடத்தும் தரகர்களுக்குத் தலைக்குச் சுமார் 30,000 டாலர் கடன். 1993 ஜூன் 6 அதிகாலையில் 'கோல்டன் வென்ச்சர்' என்ற கப்பல் நியூயார்க்கின் ராக்கவே கடற்கரையில் தரைதட்டியது. உள்ளே 286 பேர். குளிர்ந்த கடலில் குதித்து நீந்தியதில் 10 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலரைப் பென்சில்வேனியாவின் யார்க் நகரச் சிறையில் போட்டார்கள். அவர்கள் உள்ளே உட்கார்ந்து பத்திரிகைத் தாளையும் கழிப்பறைத் தாளையும் மடித்து மடித்துக் கழுகுகளும் கூண்டுப் பறவைகளும் செய்தார்கள். அடைபட்டிருந்தவர்களில் கடைசி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் 1997 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார்கள். வந்து எங்கே போனார்கள்? பலரும் உணவகச் சமையல்கட்டுகளுக்கு.

நியூயார்க் சீனாடவுனில், மன்ஹாட்டன் பாலத்தடியில், வேலை பிடித்துத் தரும் சின்னச் சின்ன ஆபீஸ்கள். ஊர்ப் பெயர் சொன்னால் புரியாது, வேலை இருக்கும் இடத்தைத் தொலைபேசிக் குறியீட்டு எண்ணால் குறிப்பிடுவார்கள். எண்ணைச் சொல்லி, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். அமெரிக்கா என்பது அவர்களுக்கு மாநிலங்களின் வரைபடமாகத் தெரிவதில்லை, மூன்று இலக்க எண்களின் பட்டியலாகத் தெரிகிறது. இதைப் பதிவு செய்த ஜெனிஃபர் லீ, 2008-இல் வெளியான தம் நூலில், அமெரிக்காவில் நாற்பதாயிரம் சீன உணவகங்கள் இருப்பதாகவும், பெரிய பர்கர், கோழிக் கம்பெனிகளின் கிளைகளை எல்லாம் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது என்றும் சொல்கிறார். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் என்பது பல இடங்களில் வழக்கம். முதலாளி பிடித்துக் கொடுத்த வீட்டில் ஒரு அறைக்கு நாலைந்து பேர், அவர் வேனிலேயே போக்குவரத்து. டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-இலிருந்து அது நகரவே இல்லை. பல மாநிலங்கள் கூட்டியிருக்கின்றன, அது வேறு.

பின்கட்டு பேசவே இல்லை என்று எழுதிவிட்டால் அதுவும் பொய். 1980-இல் நியூயார்க் சீனாடவுனின் பெரிய உணவகம் ஒன்றில் டிப்ஸ் பணத்தில் முதலாளி கை வைத்ததை எதிர்த்த பரிமாறும் தொழிலாளிகள் வேலையை இழந்தார்கள், வாசலில் மறியல் செய்தார்கள், வேலையைத் திரும்பப் பெற்றுச் சுயேச்சையாக ஒரு சங்கமும் கட்டினார்கள். முதலாளியும் சீனர், தொழிலாளியும் சீனர். இன ஒற்றுமை என்கிற பெருங்கதையாடல் அந்த வாசலில் கிழிந்தது.

7

திரும்ப அத்தான் சொன்னதற்கு வருகிறேன். "நாமள்லாம் வரிசையில நின்னு வந்தவங்க."

அத்தான் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வருஷமாகப் பச்சை அட்டைக்குக் காத்திருக்கிறார். வேலை வழியாகத் தரப்படும் நிரந்தரக் குடியுரிமையில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. வேலை போனால் சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல் கணினியில் தேதி பார்த்துக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கிறவனுக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டிருப்பவன் மேல் கோபம் வருவதில்லை. வரிசைக்கு வெளியே நிற்பவன் மேல்தான் வருகிறது.

ஆனால் அந்த வரிசை எப்போது, யார் போட்டது? சீனருக்குப் போட்ட பூட்டு 1917-இல் இந்தியர்களுக்கும் போடப்பட்டது. 1923-இல் பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நின்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நான் உயர்சாதி, கலப்பில்லாத ஆரியன், ஆகவே வெள்ளையன். கீழ்ச்சாதியோடு மணவுறவு வைக்க நாங்கள் கூசுவது, நீங்கள் கறுப்பரோடு கூசுவதைப் போலத்தான். சாதியைக் கடவுச்சீட்டாக நீட்டிப் பார்த்தார்கள். நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1946-இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் கிடைத்தது. அத்தானை உள்ளே விட்டது, சீனச் சமையல்காரரை விட்ட அதே 1965-இன் கதவு. அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்கள் நம் ஆட்கள் இல்லை.

இதையெல்லாம் காரில் வரும்போது சொல்லத் துணிச்சல் வரவில்லை. அவர் டிக்கெட்டில் போனவன். அக்கா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "என்ன மாப்ளே, பேச்சைக் காணும்? நல்லாச் சாப்பிட்டேல்லா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் ஒரு இலக்கியக் கூட்டம். முடிந்து நண்பர்களோடு பைபாஸ் பக்கத்துப் புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். மாவு வீசிய பையனுக்குப் பதினெட்டு வயசிருக்கும். ஜார்க்கண்ட் என்றான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது எண்களும் 'சால்னா'வும். என் நண்பர், பழைய தொழிற்சங்கக்காரர், லத்தியடி பட்டவர், அவன் காதுபடவே சொன்னார்: "இந்த வடக்கனுக வந்துதான் நம்ம பயலுக கூலியெல்லாம் போச்சு. பான் பராக்கையும் ரொட்டியையும் தின்னுட்டு எவ்வளவு கம்மிக்கும் வேலை செய்யுதானுக." 2023 மார்ச்சில் பொய்யான வீடியோக்கள் பரவி வடமாநிலத் தொழிலாளிகள் பீதியில் ரயிலேறியபோது, அது வதந்தி என்று விளக்கி நோட்டீஸ் போட்டவர்களில் இவரும் ஒருவர். கூலியைக் குறைத்தவன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். நண்பர் பையனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை பேசிவிட்டேன். காம்பர்ஸில் ஆரம்பித்து ராக் ஸ்பிரிங்ஸ் வரை. புரோட்டா ஆறிப்போனது. நண்பருக்குக் கோபம். "அமெரிக்கா போய்ட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கியா?" என்றார். கோபம் நியாயம்தான். கூலி நிஜமாகவே இறங்கியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. இறங்கிய கூலிக்கு எதிராக யாரைச் சேர்த்துக்கொண்டு நிற்கப் போகிறோம் என்றுதான் கேட்டேன். அந்தப் பையனுக்குச் சங்கத்தில் ஒரு உறுப்பினர் சீட்டு கொடுத்திருக்கிறோமா, அவன் மொழியில் ஒரு துண்டறிக்கை உண்டா என்று கேட்டேன். இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளம்பும்போது பின்பக்கம் கை கழுவப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் பையனும் இன்னும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புரோட்டா இல்லை. வெள்ளைச்சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் மசித்த உருளைக்கிழங்கு, ஒரு பச்சைமிளகாய். என்னைப் பார்த்ததும் பையன் தட்டை லேசாக மறைத்துக்கொண்டான்.